தீபாவளி மாதத்துப் பில்

அத்தியாயம் 11

இந்தக் காலத்து மனிதர்களுக்குத் தலைக்கு மேல் ஒரு கூரை இருப்பது போதவில்லை. கூரைக்கு மேலும் ஒரு கூரை வேண்டுமாம். வெயில் இலவசம் என்று வாய் கூசாமல் சொல்கிறார்கள். அந்த இலவச வெயிலுக்கு ஐந்து வருடம் தவணை கட்டுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரன் பெயரைக் கேட்டால் தெரியாது. ஆனால் கேட்டுக்கு வெளியே டை கட்டிக்கொண்டு ஒருவன் சிரித்தால் போதும், உள்ளே கூப்பிட்டு, மைலோ கலக்கிக் கொடுத்து, அவன் விரல் வைத்த இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

யாரும் கேட்காமலே தம்புசாமி இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். கிள்ளானில் தன் வீட்டு வாசலில் நின்று, பழைய வேனின் கண்ணாடியைத் துடைத்தபடி, காலை ஏழு மணிக்கு.

எழுபத்திரண்டு வயது. துறைமுகத்தில் முப்பத்தெட்டு வருடம் கொண்டேனர் லோரி ஓட்டியவர். தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்கு. சிரித்துக்கொண்டு வருகிறவனை முதலில் வாசலிலேயே நிறுத்து, பிறகு பேசு என்பது ரோட்டில் அவர் கற்றது. அதையும் சும்மா கற்கவில்லை. எப்போதோ ஒருவன் தண்ணீர் வடிகட்டும் மெஷின் ஒன்றைத் தலையில் கட்டிவிட்டுப் போன பிறகு கற்றார்.

போன வாரம் நடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. மருமகள் அமுதவள்ளி ஒரு ஃபாரத்தை நீட்டினாள். அவர் பெயரில் இருக்கிற வீட்டின் கூரையில் ஒன்பது சோலார் பேனல் போட அவர் சம்மதிக்க வேண்டுமாம். கிழவர் அதை நான்காக மடித்து, எட்டாகக் கிழித்து, அவள் கண்ணெதிரிலேயே குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அவள் ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் கத்தியிருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

உள்ளே, இரவு ஷிப்ட் முடிந்து வந்த மகன் யுகேந்திரன் ரொட்டியைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தான்.

"அமுதா, பேச்சு மாறக் கூடாது. இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணி."

"தெரியும்ங்க."

"மூணு மாசத்துல முப்பது பேனல்னு உங்க ஆப்பிஸ்ல சொன்னாங்க. எத்தன ஆயிருக்கு?"

"பதினாலு."

"மிச்சம் பதினாறு. வந்தா உன் வேலை நெலைக்கும். வரலனா திங்கக்கிழமை மஸ்ஜித் இந்தியா தெருவுக்குப் போற. ஜவுளிக்கடை முதலாளிகிட்ட நான் வாக்குக் குடுத்துட்டேன். ஃபேனுக்குக் கீழ உக்காந்து பில்லு போடுற வேலை. வெயில்ல கூரை கூரையா அண்ணாந்து பாத்துக்கிட்டுத் திரிய வேணாம்."

"பதினாறும் ஒரே வீட்டுல இருக்கு. காப்பார் ரோட்டு இராஜம்மா ஆன்டி. இன்னைக்குக் கையெழுத்து." அமுதவள்ளி கழுத்தில் அட்டையை மாட்டினாள். வீட்டுக்காரர்களுக்கு எந்தச் சோலார் ஏற்றது என்று ஆலோசனை சொல்கிறவள் என்று அதில் போட்டிருந்தது. "ஆனா காடி இன்னும் ஒர்க்‌ஷாப்ல கெடக்கு. கிரேப் டாக்சி எடுத்துக்கிறேன்."

"நான் கொண்டுபோய் விடுறேன்," என்றார் தம்புசாமி வாசலிலிருந்து.

கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னா பார்வை? வேன் என்னுது. பெட்ரோல் என்னுது. கூரையில மட்டும் ஏற மாட்டேன்."

அவர் மனதில் இருந்தது வேறு. இந்த வேலை எப்படி முடிகிறது என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அந்த இராஜம்மா யாரோ, எவரோ, அவளை எப்படி மயக்குகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். இந்த வேலை இன்றோடு போய்விட்டால் நல்லது. ஜவுளிக்கடையில் மாதம் பிறந்தால் சம்பளம் நிச்சயம்.

*

பத்து நிமிடத்தில் போகிற வீட்டுக்கு முதலில் பிரிக்பீல்ட்ஸ் போக வேண்டியிருந்தது. ஒப்பந்தத் தாளில் மேனேஜர் முத்திரை வைத்துத் தர வேண்டுமாம். பெடரல் நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரம் ஜாம்.

"ஒரு முத்திர குத்த கிள்ளான்ல ஆளில்லையா?" என்றார் கிழவர்.

"ரூல் மாமா."

"ரூலு."

அவள் மடியில் ஒரு கோப்பு. அதைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தாள்.

பிரிக்பீல்ட்ஸில், சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் ஆப்பிஸ். கீழே வேனில் மதியம்வரை உட்கார்ந்திருந்த தம்புசாமியைப் பார்க்க மேனேஜரே இறங்கி வந்தான். பாலன். நாற்பது வயது இருக்கும். பல் வரிசை அவ்வளவு வெள்ளை.

"அங்கிள்! நீங்கதான் மாமனாரா? இந்த வயசுலயும் என்னா ஸ்ட்ராங்கா இருக்கீங்க!"

"தூக்கிப் பாத்தியா?"

பாலன் சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தான். "அங்கிள் ஜோக் அடிக்கிறாரு. அமுதா, நீ முன்னாடி போ. நான் பின்னாடி வரேன். பதினாறு பேனல் சின்னக் கேஸ் இல்ல, கையெழுத்து வைக்கிறப்ப நானும் இருக்கணும்லா."

வேன் நகர்ந்ததும் தம்புசாமி கேட்டார். "அவனுக்கும் இதுல பங்கு இருக்கா?"

"இருக்கு மாமா."

"அதான பாத்தேன்."

*

இராஜம்மாவின் வீடு, காப்பார் ரோட்டை ஒட்டிய பழைய தாமான் குடியிருப்பில் நடுவரிசை வீடு. மகன் தனேஷ் சுங்கை பூலோவில். கணவர் இறந்து நான்கு வருடம். அறுபத்தைந்து வயதுக்கு அந்த அம்மாளின் குரல் மட்டும் முப்பதில் நின்றுவிட்டது.

"வாம்மா, வா! இவரு யாரு, ஒன்னோட பாஸா?"

"என் மாமனாரு ஆன்டி."

"மாமனாரக் கூட்டிக்கிட்டு வேலைக்கு வர்றியா? நல்ல குடும்பம்லா."

"காடி கெட்டுப்போச்சு. அதான் வந்தேன்," என்றார் தம்புசாமி.

"வாங்கண்ணே. போன தடவ இந்தப் புள்ள வாசல்லயே நின்னுகிட்டுப் பேசிட்டுப் போயிருச்சு, கூரைய மட்டும் பாத்துட்டு. இன்னைக்கு உள்ள வாங்க. வெயிலு மண்டையப் பொளக்குது."

உள்ளே கால் வைக்க இடமில்லை. சுவரோரம் தரையிலிருந்து உத்தரம் வரை சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் டின்கள், வெறும் டின்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. பக்கத்தில் பழைய சேலையால் போர்த்திய இரண்டு பெரிய ஓவன்கள். அவற்றுக்குப் பக்கத்தில் குளிர்பெட்டி இரண்டு உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தன. தம்புசாமி டின்களுக்கு நடுவில் கிடைத்த நாற்காலியில் முழங்காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

அமுதவள்ளி கோப்பைத் திறந்து தாளை மேசையில் வைத்தாள். பேனாவையும் எடுத்தாள்.

"ஆன்டி, கையெழுத்துக்கு முன்னாடி ஒண்ணு. நீங்க வாட்ஸ்அப்ல பில்லோட படம் அனுப்பினீங்க இல்ல? அதுல கீழ்ப்பாதிதான் விழுந்திருந்துச்சு. முழுப் பில்லு இருக்கா?"

"இல்லாம? சாமி காலண்டருக்குப் பின்னாடி சொருகி வச்சிருக்கேன். வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் காட்டணும்ல! எண்ணூத்திப் பத்து வெள்ளி. பாத்த அன்னைக்கு நெஞ்சே அடைச்சிருச்சு எனக்கு."

இராஜம்மா பில்லைக் கொண்டுவந்து பெருமையோடு விரித்தாள், மகனுடைய பட்டத்தைக் காட்டுவதுபோல. நம் ஆட்கள் இப்படித்தான். நல்லதாக வந்த பில்லைச் சுருட்டி எறிந்துவிடுவார்கள். ஆளையே மிரட்டிய பில்லை மட்டும் பத்திரமாக வைத்து ஊருக்கெல்லாம் காட்டுவார்கள்.

அமுதவள்ளி பில்லின் மேல்பகுதியைப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி டின்களைப் பார்த்தாள். பிறகு சேலை போர்த்திய ஓவன்களை.

"ஆன்டி, இது தீபாவளி மாசத்துப் பில்லா?"

"ஆமா. அதுக்கென்னா?"

"அப்ப ஓவன் எத்தன மணி நேரம் ஓடுச்சு?"

"காலையில அஞ்சு மணிக்கு மூட்டுனா ராத்திரி பன்னெண்டு ஆயிரும். ரெண்டு ஓவனும். போன வருசம் அறுநூறு டின்னு ஆர்டரு! அன்னாசி பிஸ்கட்டு, பாதாம் பிஸ்கட்டு, கோப்பி பிஸ்கட்டு... பந்திங்ல இருந்துகூட வந்து வாங்கிட்டுப் போனாங்க."

"மத்த மாசம் எல்லாம்?"

"மத்த மாசம் யாரு பிஸ்கட்டு திங்கிறா? எல்லாருக்கும் சக்கர வியாதி."

"மத்த மாசத்துப் பில்லு எவ்வளவு வரும் ஆன்டி?"

"அதெல்லாம் யாரு பாத்தா. போன்ல வருது, தனேஷ் கட்டிருறான்."

அமுதவள்ளி அந்த அம்மாளின் கைப்பேசியை வாங்கித் தடவினாள். மகன் போட்டுக் கொடுத்த மின்கட்டணச் செயலி அதில் இருந்தது. திரையில் மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு கட்டைகள் எழுந்தன. பத்துக் கட்டை தரையோடு தரையாக. இரண்டு மட்டும் பத்துமலைக் கோயில் படி மாதிரி ஏறி நின்றன.

அவள் பேனாவின் மூடியைப் போட்டாள்.

தம்புசாமிக்குக் கணக்குத் தெரியாது, ஆனால் முகம் படிக்கத் தெரியும். இவளுக்கு ஏதோ இடித்துவிட்டது. இனி என்ன செய்வாள் என்பதும் அவருக்குத் தெரியும். வாயை மூடிக்கொள்வாள். எதிரே ஒரு அம்மாள் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடக் காத்திருக்கிறாள். பதினாறு பேனல். ஐந்து மணி. யார்தான் வாயைத் திறப்பார்கள்? அவர் பார்த்த உலகத்தில் ஒருவரும் திறந்ததில்லை.

"ஆன்டி," என்றாள் அமுதவள்ளி. "நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

*

பாலனின் வெள்ளைக் கார் வந்து நின்றபோது மேசையில் பதினாறு பேனல் தாள் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்தது. வேறு ஒரு தாளில் அமுதவள்ளி எழுதிக்கொண்டிருந்தாள்.

"ஆன்டி! சைன் ஆச்சா? கோப்பி வாங்கிட்டு வந்திருக்கேன்!" அவன் கையில் மூன்று பிளாஸ்டிக் பைகளில் ஐஸ் கோப்பி ஆடிக்கொண்டிருந்தது.

"எங்க ஆச்சு?" என்றாள் இராஜம்மா. "ஒங்க புள்ள ஏழு போதுங்குது."

பாலனின் பல் வரிசை அப்படியே இருந்தது. கண் மட்டும் அமுதவள்ளியிடம் போனது.

"ஏழா?"

"பில்லு தீபாவளி மாசத்துது சார். ரெண்டு மாசம்தான் அப்படி. மிச்சப் பத்து மாசம் ஆன்டிக்கு நூத்தித் தொண்ணூறு வெள்ளிக்கு மேல வரல. பதினாறு போட்டா பாதிக்கு மேல சும்மா வெயில் காயும்."

"எப்படிச் சும்மா காயும்? மிச்சக் கரண்ட் லைன்ல போகுது, பில்லுல கழிக்கிறாங்க. ஆன்டிக்கு லாபம்லா!"

"பில்லு இருக்கிற வரைக்கும்தான் கழிப்பாங்க. பில்லே இல்லன்னா எதுல கழிக்கிறது? மீந்தத கையில காசாக் குடுக்க மாட்டாங்க சார். நீங்கதான ட்ரெய்னிங்ல சொன்னீங்க."

இராஜம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள், பட்டிமன்றம் பார்ப்பதுபோல.

பாலன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். குரல் தேனாகியது. "ஆன்டி, நாளைக்கு நெனச்சுப் பாருங்க. தனேஷ் கல்யாணம் பண்ணி இங்கயே வந்துர்றான். மருமக வர்றா. ஏர்கோன் மூணு ஓடும். எலக்ட்ரிக் காடி வாங்குறான். அப்ப போயி மறுபடியும் கூரைய நோண்ட முடியுமா? ஒரேயடியா போட்டுட்டா நிம்மதி."

"தனேஷ் சுங்கை பூலோவுல வீடே வாங்கிட்டான்," என்றாள் இராஜம்மா.

"இருந்தாலும்..."

"ஆன்டி, அவரு சொல்றது எல்லாம் நடந்தா, அப்ப வந்து கூடுதலா போடலாம்," என்றாள் அமுதவள்ளி. அவள் குரல் உயரவில்லை, நடுங்கவும் இல்லை. "அதுக்கு எடம் விட்டுத்தான் கூரைப் படத்துல வரைஞ்சிருக்கேன். பாருங்க. இப்ப இருக்கிற ஆன்டிக்கு ஏழுதான். ரெண்டு குளிர்பெட்டி பகலெல்லாம் ஓடுது, நீங்களும் வீட்டுலயே இருக்கீங்க. அதுக்கு இந்த ஏழு சரியா ஒழைக்கும். தீபாவளி ரெண்டு மாசம் மட்டும் கொஞ்சம் கைய விட்டுக் கட்டணும். அது ஆர்டர்ல வந்துரும்."

இராஜம்மா யோசித்தாள். திடீரென்று கோபம் வந்தது. "அப்ப போன மாசம் நீதான பதினாறுன்ன? இன்னைக்கு நான் இந்தக் காயிதத்த எடுத்துக் காட்டாம இருந்திருந்தா?"

"பதினாறு போட்டிருப்பேன் ஆன்டி. அது என் தப்புதான். தேதியப் பாக்காம எழுதிட்டேன்."

இராஜம்மா சடக்கென்று தம்புசாமி பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, நீங்க பெரியவங்க. சொல்லுங்க. ஒங்க மருமக சொல்றத நம்பலாமா?"

பாலன் ஆவலோடு அவரைப் பார்த்தான். அமுதவள்ளி பார்க்கவில்லை.

தம்புசாமி தொண்டையைச் செருமினார். "என்னைக் கேக்காதீங்கம்மா. நான் என் வீட்டுக் கூரையிலயே போட விடல. ஃபாரத்தக் கிழிச்சுப் போட்டவன் நான்."

"அய்யோ அங்கிள்," என்றான் பாலன்.

"ஏங் கிழிச்சீங்க?" என்றாள் இராஜம்மா.

"காயிதத்தோட வர்ற எவனையும் நம்ப மாட்டேன். இவளையும் நம்பல. இந்தா, இந்தப் பல்லுக்காரரையும் நம்பல." அவர் டின்களை முழங்காலால் தள்ளிக்கொண்டு காலை நீட்டினார். "ஆனா ஒண்ணு. விக்க வந்த ஆளு, கொறைச்சு வாங்குன்னு சொல்லி என் எழுவத்திரெண்டு வயசுல நான் பாத்ததில்ல. இதுல ஏதோ சூது இருக்கு. என்னான்னு எனக்கு இன்னும் புடிபடல. புடிபட்டா சொல்றேன்."

இராஜம்மா ஒரு நொடி வாய் திறந்து பார்த்தாள். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"சொந்த மாமனாரே இப்படிச் சொல்றாரு, நீ இவரையும் கூட்டிக்கிட்டு வேலைக்கு வர்ற பாரு! குடும்மா அந்த ஏழு காயிதத்த."

"ஆன்டி, தனேஷ்கிட்ட ஒரு வார்த்த..."

"வீடு எம் பேர்ல. கூரையும் எம் பேர்ல. அவன்கிட்ட பெறகு சொல்லிக்கலாம். ஆனா ஒண்ணு, தப்பாப் போச்சுன்னா தீபாவளிக்கு ஒங்க வீட்டுக்கு வந்து கத்துவேன்."

"வாங்க ஆன்டி. அட்ரஸ் எழுதித் தரேன்," என்றாள் அமுதவள்ளி. எழுதியும் கொடுத்தாள்.

*

வாசலில் பாலனின் குரலில் தேன் வற்றிப்போயிருந்தது. தம்புசாமி செருப்பைத் தேடுகிற சாக்கில் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றார்.

"கஸ்டமர் எதிர்லயே மேனேஜர வெட்டிப் பேசுவியா?"

"கணக்கு தப்பா இருந்துச்சு சார்."

"கணக்கு! உன் கணக்கச் சொல்லவா? பதினாலும் ஏழும் இருவத்தொண்ணு. ஒம்போது கம்மி. அஞ்சு மணிக்கு சிஸ்டம் மூடிரும். அப்பறம் நானே நெனச்சாலும் ஒண்ணும் செய்ய முடியாது."

"மணி இப்ப மூணுதான் சார்."

"மூணு மணிக்கு மேல எந்த மரத்துல ஒம்போது பேனல் காய்க்குது?" பாலன் காரின் கதவைத் திறந்தான். பிறகு நின்றான். "பாரு, நான் கெட்டவன் இல்ல. நம்ம டீம்ல எல்லாரும் எப்படித் தாண்டுனாங்க? மொத வீடு சொந்த வீடுதான். பிரியா, அவ அம்மா வீட்டுல போட்டா. ராஜு, சித்தப்பா வீட்டுல. உங்க வீட்டுக் கூரையில கரெக்டா ஒம்போது வரும்னு நீயே வரைஞ்சு குடுத்த. கெழவர்கிட்ட ஒரு கையெழுத்து. அஞ்சு நிமிசம். திங்கக்கிழமை நீ நிரந்தர ஸ்டாஃப்."

கார் போய்விட்டது.

போன வாரத்து ஃபாரம் எதற்கு வந்தது என்று தம்புசாமிக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. அதைக் கேட்டு அவருக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதுவே அவருக்கு எரிச்சலாக இருந்தது.

இராஜம்மா வாசல்வரை வந்தாள். "அந்தப் பல்லுக்காரரு என்னாமோ ஒம்போதுன்னு கத்துனாரே. சோலார் போட ஒனக்கு இன்னொரு வீடு வேணுமாம்மா?"

"பகல்ல நெறைய கரண்ட் எடுக்கிற வீடு யாருது ஆன்டி, இந்தப் பக்கம்?"

"பகல்லயா? அந்த முனையில கோர்னர் வீட்டு சின்னையா. கல்யாண மண்டபத்து மேசைத்துணி, நாற்காலித்துணி எல்லாம் தொவைச்சு இஸ்திரி போட்டுக் குடுக்கிறாரு. காலையில ஏழு மணிக்கு மெஷின் ஓட ஆரம்பிச்சா வெளக்கு வைக்கிற வரைக்கும் ஓடும். ஆனா போவாத. சோலாருன்னு வந்த மூணு பேர வெரட்டி அடிச்சிருக்காரு. நாய வேற அவுத்து விட்டுருவாரு."

"என்ன நாய்?"

"அது தெரியல. பெரிசு."

அமுதவள்ளி கோர்னர் வீட்டின் கூரையைப் பார்த்தாள். கையை நெற்றிக்கு மேல் வைத்து வெயிலைப் பார்த்தாள். உதடு எதையோ எண்ணியது.

*

வேனை இராஜம்மா வீட்டு வாசலில் வெயிலிலேயே விட்டிருந்தார். கதவைத் திறந்தால் அடுப்பு மாதிரி அனல் அடித்தது. தம்புசாமி ஏறவில்லை. மருமகளும் ஏறவில்லை.

அவர் வாழ்க்கையில் இறங்கிப் போய்ப் பேசியது குறைவு. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் வேனின் டயரை ஒரு உதை உதைத்தார்.

"குடு."

"என்னா மாமா?"

"அந்த ஃபாரம். இன்னொண்ணு வச்சிருப்பல்ல. கையெழுத்துப் போடுறேன். ஒம்போது பேனலு. திட்டிக்கிட்டேதான் போடுவேன், அது வேற."

அமுதவள்ளி அவரையே பார்த்தாள். கோப்பைத் திறந்தாள். உள்ளே புது ஃபாரம் இருந்தது, பெயர், முகவரி எல்லாம் நிரப்பி, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு. அவர் கையை நீட்டினார்.

அவள் கோப்பை மூடினாள்.

"வேணாம் மாமா."

"என்னாது?"

"நம்ம வீட்டுக்கு அது ஏத்ததில்ல."

"போன வாரம் ஏத்ததா இருந்துச்சு!"

"போன வாரமும் இல்ல. பயத்துல நீட்டிட்டேன். பகல்ல நம்ம வீட்டுல யாரு இருக்கா? பிள்ளைங்க ஸ்கூலு. அவரு தூங்குறாரு. நீங்க ஒரு ஃபேனு, ஒரு ரேடியோ. மாசம் எழுவது வெள்ளிக்கு மேல பில்லு வர்றதில்ல. ஒம்போது பேனலப் போட்டு அது எதுக்கு ஒழைக்கும்?" அவள் கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். "அந்த ஆன்டிகிட்ட ஒண்ணு சொல்லிட்டு, உங்ககிட்ட வேற சொல்ல முடியாது மாமா."

தம்புசாமிக்குத் தலை சுற்றியது. கேட்டபோது இவர் கொடுக்கவில்லை. கொடுக்கிறபோது வேண்டாம் என்கிறாள். முப்பத்தெட்டு வருடம் துறைமுகத்தில் எத்தனை எத்தர்களைப் பார்த்தார். இப்படி ஒரு வித்தையை ஒருவனும் காட்டியதில்லை.

"அப்ப திங்கக்கிழமை ஜவுளிக்கடைக்குப் போறியா?"

"அஞ்சு மணி ஆகட்டும்."

"யுகா போன் பண்ணுவான்."

"பண்ணட்டும். எடுத்துப் பேசுறேன். இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்குன்னு சொல்றேன்." அவள் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டாள். "அந்த சின்னையா வீட்டுக் கூரை தெக்க பாத்து நிக்குது மாமா. ஒரு மரம் மறைக்கல. பகலெல்லாம் மெஷின் ஓடுது. இந்த வரிசையில சோலார் போட்டா நெசமாவே காசு மிஞ்சற வீடு அது ஒண்ணுதான். மூணு பேர வெரட்டுனாருன்னா, மூணு பேரும் வேற எதையோ சொல்லியிருக்கணும்."

"நாய் இருக்கு."

"கேட்டுக்கு இந்தப் பக்கம்தான நிக்கப் போறேன்."

"கேட்டத் தொறந்துட்டா?"

"தொறந்தா உள்ள போவேன்."

சொல்லிவிட்டு நடந்தாள். வெயிலில் தார் ரோடு மினுங்கியது. தம்புசாமி சும்மா நிற்க முடியாமல் பத்தடி தள்ளிப் பின்னால் போனார், நாய்க்காக. கையில் ஒரு கல்கூட எடுத்துக்கொண்டார்.

கோர்னர் வீட்டுக் கேட் உயரமான இரும்புக் கேட். உள்ளே மெஷின்கள் ஓடுகிற சத்தம் தரையில் அதிர்ந்தது. அமுதவள்ளி மணியை அழுத்தினாள். ஒன்றுமில்லை. மறுபடி அழுத்தினாள். உள்ளே ஒரு நாய் குரைத்தது. இராஜம்மா சொன்னது சரிதான், பெரிசு.

"யாரு அது?" என்று ஒரு ஆண் குரல். "சோலாருன்னா அப்படியே திரும்பிப் போயிரு!"

"சோலார்தான் ஐயா," என்றாள் அமுதவள்ளி, கேட்டைப் பிடித்துக்கொண்டு. "ஆனா மொதல்ல உங்க பன்னெண்டு மாசப் பில்லப் பாக்கணும். ஏத்ததில்லன்னா நானே வேணாம்னு சொல்லிட்டுப் போயிருவேன்."

உள்ளே மெஷின் ஒன்று நின்றது. அவள் மூன்றாவது தடவை மணியை அழுத்தினாள்.

"வாம்மா போலாம்," என்றார் தம்புசாமி.

"நீங்க வேன்ல இருங்க மாமா. வெயிலு."

அவர் கல்லைக் கீழே போட்டார். திரும்பி நடந்தார். கொறைச்சு வாங்கு என்கிறாள். வேண்டாம் என்கிறாள். விரட்டுகிற வீட்டு வாசலில் போய் நிற்கிறாள். இது வியாபாரமா? இப்படி ஒரு வியாபாரம் உலகத்தில் உண்டா? எங்கேயோ இதில் ஒரு சூது இருக்கிறது, இருந்தே ஆக வேண்டும். என்றைக்காவது ஒரு நாள் பிடிபடும்.

பின்னால் சங்கிலி இழுபடுகிற சத்தம் கேட்டது. கேட்டின் சங்கிலியா, நாயின் சங்கிலியா, தெரியவில்லை. தம்புசாமி ஒரு கணம் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு வேனைப் பார்த்து நடந்துகொண்டே இருந்தார்.